ஈரமாகாத தக்கை

என் வீட்டுக்காரருக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். பிழைப்புக்காக அல்ல. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் அவருக்கு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், தூண்டிலும் கையுமாக ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். முடிச்சூர் பக்கம் அப்போது வயலும் ஏரியும்தான். பிளாட்டுக் கல் நட ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் புண்ணியத்தில் வேண்டாத படிப்பெல்லாம் எனக்கு ஏறியது. தூண்டில் கொம்பு மூங்கிலாக இருக்க வேண்டும், நுனி மட்டும் வளைய வேண்டும். தக்கைக்கு மயிலிறகுத் தண்டுதான் நல்லது. ஈயம் கூடினால் தக்கை முங்கிவிடும், குறைந்தால் தண்ணீரில் படுத்துக்கொள்ளும். தக்கை துடித்த உடனே இழுத்துவிடக் கூடாதாம். அது மீன் சும்மா தொட்டுப் பார்க்கிறது. பக்கவாட்டில் ஓடி முங்கும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு. இதைச் சாப்பாட்டு நேரத்தில் கரண்டியை வைத்துச் சுண்டிக் காட்டுவார். குழம்பு என் புடவையில் தெறிக்கும்.

மாவு பிசைவதும் என் தலையில்தான். கோதுமை மாவு, கொஞ்சம் புண்ணாக்குத் தூள், மேலே ஒரு சிட்டிகை பெருங்காயம். மனுஷன் தின்கிற ரசத்துக்கு இல்லாத பெருங்காயம் மீனுக்கு! சாயங்காலம் ஒரு பை ஜிலேபி மீன் வரும். அதன் முதுகு முள்ளைத் தொட்டவர்களுக்குத்தான் தெரியும். செதில் தேய்த்துத் தேய்த்து என் விரலெல்லாம் கீறல்.

ஒன்றை மட்டும் நான் மீறியதில்லை. தூண்டிலோடு கிளம்புகிறவரை 'எங்கே போறே' என்று கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு மீன் படாது என்பார்கள். யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் இவர் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். எங்கள் தெருவுக்கே இது பழகியிருந்தது. கொம்பைத் தோளில் பார்த்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

திடீரென்று ஒரு நாள் அந்தத் தோல் கம்பெனியை மூடிவிட்டார்கள். கேட்டில் பூட்டு, உள்ளே ஒருவரும் இல்லை. தாம்பரம் சானட்டோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் தைத்துக்கொண்டிருந்தேன். வீடு ஓடியது அந்தத் தையலில்தான். இவருக்கு இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆவோம் என்பதே எனக்கு எந்நேரமும் நினைப்பு. இவரோ ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தினசரி வேலையாக்கிக்கொண்டார். விடிந்தால் கொம்பு, தூண்டில் பை. கேட்கவும் கூடாதே! நாக்கைக் கடித்துக்கொண்டு மாவைப் பிசைந்து கொடுப்பேன்.

முதலில் மீனாவது வந்தது. போகப் போக அதுவும் இல்லை. பாதி நாள் வெறும் பை. மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து விட்டுப்போய் வீட்டுக்கு வருவேன். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்களைப் பார்த்தா மீனுங்ககூடச் சிரிக்குமே. ஏரியே காலியா?" என்பேன்.

"கடிக்கல" என்பார். அவ்வளவுதான்.

ஒரு நாள் அப்படித்தான் வெறுங்கையோடு வந்து படுத்துவிட்டார். வழக்கமாக அவரே கழுவி வைக்கிற மாவு டப்பாவைக் கழுவலாம் என்று பையைத் திறந்தேன். காலையில் நான் பிடித்து வைத்த உருண்டை அப்படியே இருந்தது, காய்ந்து வெடித்து. மீன் படாத நாளிலும் மாவு மிஞ்சாது. பொடி மீன்கள் அரித்துத் தின்றுவிடும். தக்கையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. தூண்டில் நரம்பு சுற்றினது சுற்றினபடி கிடந்தது. அடியில் அவருடைய வெள்ளைச் சட்டை, நான் இஸ்திரி போட்டு வைத்திருந்தது. காலர் முழுக்க வேர்வைக் கறை.

இத்தனை வருஷமாகக் கேட்காததை அப்போது கேட்டேன்.

"ஏங்க, இன்னிக்கு எங்க போனீங்க?"

"கிண்டி. ஒரு கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னாங்க. முடிஞ்சுபோச்சாம்."

"நேத்து?"

"குரோம்பேட்டை."

"அதுக்கு முன்னாடி?"

"மீன் வராத நாளெல்லாம் அதான்" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"வேலை தேடப் போறதுக்கு எதுக்குங்க தூண்டி?"

எழுந்து உட்கார்ந்தார். "வெள்ளைச் சட்டையைப் போட்டுட்டுப் போனா தெருவே கேக்குது. எங்க சார், வேலை விஷயமா சார்னு. சாயங்காலம் வந்தா, என்னாச்சு சார்? ஒவ்வொருத்தருக்கும் நின்னு இல்ல இல்லனு சொல்லணும். தூண்டியைத் தூக்கினா ஒருத்தரும் கேக்கறதில்ல. கரைக்குப் பின்னாடி போய்ச் சட்டையை மாத்திக்குவேன். கொம்பை அங்கேயே புதர்ல சொருகிடுவேன்."

ஏரியே காலியா என்று நான் குத்திக்காட்டிய சாயங்காலங்கள் எல்லாம் ஒவ்வொரு கம்பெனி கேட்டாக ஏறி இறங்கி வந்த சாயங்காலங்கள். அழுகை வந்தது. அவர் மேல் கோபமும் வந்தது. என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? ஆனால் அதைக் கேட்கவும் எனக்குத் தெம்பு இல்லை. சட்டையை ஊறவைத்தேன்.

மறுநாள் காலை மாவு பிசைந்தேன், பேருக்குக் கொஞ்சம். பெருங்காயம் போடவில்லை. இன்னொரு சட்டையை மடித்துப் பையின் அடியில் வைத்தேன். கொம்பை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பக்கத்துப் போர்ஷன் அக்கா குடத்தோடு நின்றிருந்தார். தெருமுனையில் இவர் கொம்போடு திரும்புவது தெரிந்தது. நடையைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாம்மா, இன்னிக்கும் மீனு இல்லியா? தெனிக்கும் போறாரு, வெறுங்கையோட வந்துகினு கீறாரே" என்றார் அக்கா.

"தண்ணி கலங்கிக் கிடக்குக்கா" என்றேன். "தக்கை துடிக்குதாம், முங்க மாட்டேங்குதாம். தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு விட்டுட்டுப் போயிடுதாம்."

அதற்குள் இவர் அருகில் வந்துவிட்டார். காதில் விழுந்திருக்க வேண்டும். நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"ஈயம் கொஞ்சம் கொறஞ்சுபோச்சுக்கா" என்றார். "நாளைக்கு மாத்திக் கட்டிப் பார்க்கணும்."