ஒரு தலையும் இரண்டு நேர்ச்சையும்

என் புத்திசாலித்தனத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை ஒன்பதாவது வயதில், தலைமுடியோடு சேர்ந்து போயிற்று.

அந்த மார்கழி பஜனையில் எனக்குக் கண்ணன் வேஷம். பாட்டுக்காகக் கிடைத்ததல்ல, பாட்டு எனக்கு இன்றுவரை வரவில்லை. நெற்றியில் புரண்ட சுருட்டை முடிக்காகக் கிடைத்தது. ஆபத்து அந்த முடிக்கே வந்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எனக்கு நினைவிருப்பது ரஸ்க் மட்டும்தான். வீடு திரும்பியதும் நான் பிழைக்க வேண்டிச் செய்த நேர்ச்சையை அம்மா சொன்னாள்: மேற்கே மலையடிவாரத்து தர்காவில் எனக்கு மொட்டை, சீனி வைத்து ஓதுதல். பிள்ளைகள் பயந்து அழுதால் அங்கே கொண்டுபோய் மயிலிறகால் தடவி வருவது எங்கள் தெருவில் எல்லா வீட்டு வழக்கமும்தான். ஆனால் அப்பா திடுக்கிட்டார். பஜனைக் குழுவில் ஜால்ரா தட்டுகிறவர். அவரும் யாரிடமும் சொல்லாமல் அதே தலையை ஆழ்வார்திருநகரிப் பெருமாளுக்கு நேர்ந்திருந்தார்.

ஒரு வாரம் அவர்களுக்குள் பேச்சில்லை. “உங்கம்மைட்ட சொல்லுலே”, “உங்கப்பாட்ட சொல்லு” என்று என் வழியாகத்தான் போக்குவரத்து. சண்டை நீண்டால் முடி தப்பும் என்று நானும் சொன்னதில் கொஞ்சம் காரம் சேர்த்தே கொடுத்தேன். கடைசியில் பேராசை பிடித்து, விஷயத்தையே கேலியாக்கிவிட நினைத்தேன்.

“அப்ப முடியில பாதிய அங்கன குடுங்க, பாதிய இங்கன குடுங்க.”

சிரிப்பார்கள் என்று பார்த்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “சரியாத்தான சொல்லுதான்” என்றாள் அம்மா.

தர்காவில் அப்பா நாமத்துக்கு மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முடி எடுக்கிறவர் கத்தியை நிறுத்திவிட்டார்.

“பாதியா? முடி வளந்த பொறவு அங்கன குடுக்கலாம்லா வே?”

“அதுவரைக்கும் பொறுக்க முடியாது அண்ணாச்சி.” அப்பா குனிந்து என் காதோரம் விரலால் தடவிப் பார்த்தார். “இந்தா, இங்கன நாலு முடி நிக்கி. நல்லா வழிச்சிருங்க.”

பாதிக் கண்ணனாக பஸ் ஏறினேன். தலையை மூடக் கூடாது, நேர்ந்த முடி என்று அம்மா துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். வண்ணார்பேட்டையில் இறங்கி வேறு பஸ் மாறுவதற்குள் டீக்கடைக் கூட்டம் மொத்தமும் என்னை வேடிக்கை பார்த்தது. ஒரு காலேஜ் அண்ணன் செல்போனில் படம் எடுத்தான். கண்டக்டர் என்னை இடமும் வலமுமாகப் பார்த்துவிட்டு, “அரை டிக்கெட்டுன்னா இப்படியாலே வரணும்?” என்றார். பஸ்ஸே சிரித்தது. என்னைப் பெற்றவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆழ்வார்திருநகரிப் படித்துறையில் மீதியும் இறங்கியது. இந்த முறை குனிந்து என் பிடரியில் தேடியவள் அம்மா. “பொடதில பாருங்க அண்ணாச்சி. பெருமாளுக்கு உள்ளது, ஒண்ணுகூட நிக்கக் கூடாது.” பிறகு இருவரும் என் தலையை மாறி மாறித் தடவினார்கள். சண்டை போட்டவர்கள் ஒன்றுகூடி என் முடிக்கு எதிரிகளாகிவிட்டார்கள் என்று தாமிரபரணியில் முங்கியபடி அழுதேன்.

அவரவர் நேர்ந்த பாதியை விட்டுவிட்டு, அடுத்தவர் நேர்ந்த பாதியில் ஏன் அப்படித் தேடினார்கள் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. என்னைத் திருப்பித் தந்தது யார் என்று அவர்கள் இருவருக்குமே தெரியாது. ஒருவேளை அடுத்தவர் கும்பிட்ட இடமாக இருந்துவிட்டால்?