முன்வரிசையில் நான்கு எண்ணிக்கை

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவளை டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தள்ளுவண்டி போகும் வழிக்குத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டுவது அவள் பொறுப்பு. மதிய இடைவேளையில் கொரியக் குழுக்களின் நடனங்களைக் கைபேசியில் பார்ப்பாள். சத்தத்தை அணைத்துவிடுவாள். ஒத்திகை அறையில், ஓர் இடத்தில் அசையாமல் வைத்த கேமராவில் எடுத்தவைதான் அவளுக்கு வேண்டும்.

"முன்னால வர்றவளப் பாக்காதடி. அவளுக்கு வழி விடறவளப் பாரு. அரை அடி பிசகினா மோதிடுவாங்க. மோதினாங்களா?" என்பாள் பக்கத்தில் சாப்பிடுபவளிடம்.

அந்த ஆட்டங்களில் நடு இடம் யாருடைய சொத்தும் அல்ல. முறை வரும்போது ஒருத்தி வருவாள், ஆடுவாள், விலகுவாள். பதினேழு வருட வேலையில் அப்படி ஒரு நியாயத்தை அக்கா வேறெங்கும் கண்டதில்லை.

ஆண்டு விழாவுக்கு எட்டுப் பெண்களை வைத்து அவளே ஓர் ஆட்டம் அமைத்தாள். மிச்ச டேப்பால் தரையில் எண்கள் போட்டாள். எட்டாவது ஆள், பேக்கிங் வரிசையின் முனையில் பெட்டிக்கு முத்திரை ஒட்டுபவள். 'கடைசி' என்பதே அவள் பெயராகிவிட்டது. அவள் பின்வரிசையிலிருந்து இருவருக்கு நடுவே புகுந்து முன்னால் வந்து நான்கு எண்ணிக்கை ஆடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் நேரம்தான். "உன்னையெல்லாம் முன்னாடி விடுவாங்களா?" என்று சிரித்த புருஷனிடம், "வீடியோ வரட்டும், பாருங்க" என்று சொல்லிவைத்திருந்தாள்.

மேடையில் நடந்ததை அற்புதம் என்று சொல்ல முடியாது. தாளம் இரண்டு இடத்தில் தடுமாறியது. ஆனால் யாரும் யார்மீதும் மோதவில்லை.

வீடியோ வந்தது. திரை முழுக்கக் கிட்டத்தில் எடுத்த முகங்கள்: கன்னம், கம்மல், பல்வரிசை. கடைசி முன்னால் வந்த நான்கு எண்ணிக்கையில் திரையில் மேலாளர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லக்கா," என்றாள் கடைசி.

அந்தச் சொல்லில்தான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு நேரே வீடியோக்காரன் கடைக்குப் போனாள்.

"எல்லார் முகமும் பளிச்சுனு வந்திருக்கே மேடம்?"

"ஆடினது முகமாய்யா? எட்டுப் பேர் ஆட்டத்த வெட்டி எட்டு பாஸ்போர்ட் போட்டோ குடுத்திருக்க. இவ எங்க?"

"பின்னாடி நிக்கிறவங்கள யாரு கேக்கப் போறா?"

"நான் கேக்கறேன். முழுசா எடுத்தது இருக்கா?"

எடுக்கவே இல்லை.

மறுநாள் மதியம் அக்கா தரையில் மறுபடி எண்களை ஒட்டினாள். சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே எட்டுப் பேரும் ஏப்ரனோடு வந்து நின்றார்கள். வாட்ச்மேனைக் கைபேசியோடு ஏணியில் ஏற்றினாள்.

"ஏம்மா, மூஞ்சியே தெரியலியே. கொஞ்சம் கிட்ட இழுக்கட்டுமா?"

"நீங்க அத இழுத்தா, நான் ஏணிய இழுத்துடுவேண்ணே. அசையாதீங்க."

கடைசி முன்னால் வந்தாள். மேடையில் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் வேலைக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "உன் புருஷன்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். 'இதுல நீ எங்கடி இருக்க'ன்னாரு."

அக்கா கையிலிருந்த டேப் சுருளைக் கீழே வைத்தாள்.

"நீங்களே கண்டுபிடிங்க, அதுவரைக்கும் சாப்பாடு கிடையாதுன்னு அடுப்ப அணைச்சிட்டேன்."

"எத்தன தடவ பாத்தாரு?"

"ஒம்போது. ஒம்போதாவதுலதான் கண்டுபிடிச்சாரு." கடைசி ஏப்ரன் நாடாவை இழுத்து முடிந்தாள். "அப்பவும் அடுப்பப் பத்த வைக்கலக்கா."