காகித ஆலைச் சுண்ணாம்பு

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் உண்டு. ஒரு வருடம் அதில் போட்ட முட்டைக்கோவாவெல்லாம் வேர் வீங்கி, வெயில் ஏறுமுன்பே தலை தொங்கிப்போனது. மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடு என்றார்கள். கடையில் டொலமைட் சுண்ணாம்புத்தூள் இல்லை, உரமும் இல்லை. அப்போதுதான், லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டு கீழ்நாட்டுக்குப் போகும் லொறிக்காரர் திரும்பி வரும்போது சாம்பல் நிறச் சேறு நிரம்பிய இரண்டு மூட்டைகளை எங்கள் வாசலில் இறக்கினார். காகிதம் செய்யும் ஆலையில் மிஞ்சுகிற சுண்ணாம்பாம். கொட்ட இடமில்லாமல் சும்மா கொடுக்கிறார்களாம். காயவைத்து உதிர்த்துத் தூவினேன். அடுத்த போகம் கோவா ஒவ்வொன்றும் குடம் போல உருண்டு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி நிற்கவில்லையே!

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு துண்டு தேயிலை பிரித்துக் கொடுத்தார்கள். பார்த்துக்கொள்வது நாங்கள், கொழுந்து போவது தோட்டத்துக்கு. கொழுந்து குறைந்தால் துண்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் மழையில் வழுக்கி விழுந்து முதுகு போனதிலிருந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குப் போனதில்லை. காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும்போது காம்பராவுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். துண்டு கிடைத்த பிறகு எனக்கு முன்னால் எழுந்தார். உட்கார்ந்து, எழுந்து, தன் பாட்டுக்குக் கொழுந்து எடுத்தார். "இப்பதான் புள்ள நானும் வேலைக்குப் போற மனுசன்" என்றார்.

ஆனால் செடிகள் மெலிந்திருந்தன. நான் லொறிக்காரரிடம் ஆறு மூட்டை கேட்டு வாங்கினேன். மலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த காலோடு, சாயங்காலங்களில் ஒவ்வொன்றாகச் சுமந்து ஏறினேன். முதுகில் ஈரம் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

"இது தேயிலைக்கு ஆகுமா புள்ள?" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"கோவா தின்னுச்சு, தேயிலை மட்டும் என்ன தொர வீட்டுப் புள்ளையா? கவ்வாத்து வெட்டினா தோட்டத்துலயும் வெள்ளைத்தூள் போடுறாங்கதானே!"

போடுவார்கள்தான். கவ்வாத்துக்கு ஒரு தடவை, அளந்து போடுவார்கள். நான் மாதம் ஒரு தடவை, மூன்று மாதம், செடிக்கு ஒரு பால் டின் போட்டேன்.

பிறகு வந்த கொழுந்து வெளுத்து வந்தது. இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். நுனி குறுகி அப்படியே நின்றுவிட்டது. அவர் ஒவ்வொரு செடியாகத் தடவிப் பார்த்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து மண்ணைப் பையில் அள்ளிப் போனார். அடுத்த வாரம் பெரட்டுக் களத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வேலைக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேயிலை புளிச்ச மண்ணுல நிக்கிற செடி. புளிப்ப எடுத்துட்டா அது எதத் தின்னும்? முப்பது வருசமா கொழுந்து எடுக்குற குடும்பம், இது தெரியாதா?"

தெரியாது. எந்த நுனி முற்றியது, எது பிஞ்சு என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லுவேன். இடுப்புக்குக் கீழே, மண்ணுக்குள், அந்தச் செடிக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"சரியா வர எவ்வளவு நாளாகுங்கய்யா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மழை கழுவணும். வருசக்கணக்காகும். யாரு போட்டது? செக்ரோல்ல பேர் உள்ள ஆள் தோட்டத்துச் செடிய அழிச்சிருந்தா, பேர வெட்டச் சொல்லி தொர உத்தரவு."

எங்கள் வீட்டில் செக்ரோல் என்ற அந்தச் சம்பளப் பேரேட்டில் இருந்த ஒரே பேர் என்னுடையது. நான் வாயைத் திறக்குமுன் அவர் முன்னால் நகர்ந்தார்.

"நாந்தாங்கய்யா போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

துண்டை எடுத்துக்கொண்டார்கள். முதுகு போனவர் ஆறு மூட்டையை எப்படி மலையேற்றினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோயிலடியில் பொடியன்கள்கூட அவரை "சுண்ணாம்பு மாமா" என்று கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போகிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கோவா மட்டும் இன்னமும் நன்றாக வருகிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன வாரம் விடிகாலையில், தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே, "இன்னிக்கு கண்டாக்கையாகிட்ட போய் உண்மையச் சொல்லிடுறேங்க" என்றேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவில்லை.

"பேசாமப் போ புள்ள," என்றார். "பெரட்டுக்கு நேரமாச்சு."

பேசாமலே போனேன்.