கோட்டுக்குள் வராத ஏற்றங்கள்

எங்கள் கடலோர ஊரில் சைக்கிள் மிதிப்பவருக்கு மேடு என்றால் உவர்மலை ஒன்றுதான். வடக்கே இறக்கக்கண்டி தாண்டி எவ்வளவு தூரம் போனாலும் எதிர்க்காற்றுத்தான் தொல்லை. அதனால் நானும் கணவரும் மலைநாட்டின் உச்சியில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியைச் சைக்கிளில் கடப்பதென்று முடிவெடுத்தபோது, மலை ஏறுவதைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

நான் ஆஸ்பத்திரியில் தாதி. அவர் வீடு கட்டும் மேசன். மகள் படிக்க மட்டக்களப்புக்குப் போன பிறகுதான் இந்தச் சைக்கிள் பழக்கம் எங்களுக்கு வந்தது. ஒருமுறை புல்மோட்டை வரைக்கும் போய், ஓரிரவு தங்கித் திரும்பியிருந்தோம். அந்தத் துணிச்சலில் மலைநாட்டுக்கு நாலு நாள் பயணம் போட்டோம். அதில் ஒருநாள், பட்டிப்பொலையிலிருந்து ஏறி, மேலே புல்வெளியைக் கடந்து, ஒஹியா பக்கம் இறங்க வேண்டும். உடுப்பு, போர்வை, மழைக்கோட்டு, சின்ன அடுப்பு, திருத்துகிற சாமான் எல்லாம் சைக்கிளிலேயே வரும்.

அவர் கைபேசியில் பாதையைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

"நூறு அடிக்கு நாலு அடிதானாம் ஏத்தம். குளியலறையில தண்ணி ஓட நான் விடுற வாட்டத்தைவிடக் கொஞ்சம்தான் கூட."

"அது சராசரியப்பா. ஒரு நோயாளிக்குக் காலமை காய்ச்சல் இல்லை, பின்னேரம் நூத்தி நாலு. நான் சராசரியைக் குறிச்சு வைச்சால் டொக்டர் என்ன சொல்லுவார்?"

அடுத்த ஞாயிறு காலை அவர், வேலைக்குக் கொண்டுபோகும் நீர்மட்டக் குழாயையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு உவர்மலைக்கு வெளிக்கிட்டார். குழாயின் ஒரு நுனியை நான் கீழே பிடிக்க, மற்றதை அவர் மேலே பிடித்தார். அந்தத் தெருவின் செங்குத்தான துண்டு பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி உயர்ந்தது.

"இது உங்கட ஆஸ்பத்திரி வாட்டில சக்கர நாற்காலி ஏத்துற சரிவுதான்" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு உடம்பில் ஏறியது. அந்தச் சரிவில் ஆளை வைத்துத் தள்ளுவது எனக்குத் தெரியும். பத்தடிக்கே மூச்சு வாங்கும்.

வெறும் சைக்கிளில் அவர் நிற்காமல் ஏறிவிட்டார். பிறகு இரண்டு பக்கப் பையிலும் பத்துப் பத்துக் கிலோ மணலைக் கட்டினோம். பாதி வழியில் முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. காலை ஊன்றிவிட்டார். மேலிருந்து நடந்து வந்த தெரிந்தவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன மேசன், வீடு கட்டுற மணலைச் சைக்கிளிலயே ஏத்துறீங்களோ?"

"ஓம், லொறி வர ஏலாதாம்" என்றார் இவர், மூச்சு வாங்கியபடி.

அன்று எங்களுக்கு ஒரு விதி கிடைத்தது: பாரத்தோடு பன்னிரண்டுக்கு ஒன்று வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அந்த இடங்களைக் கண்டுபிடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உயரக் கோடுகள் போட்ட பெரிய வரைபடம் ஒன்று வாங்கினேன். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு இருபது மீற்றர் உயரம். பாதை வளைவுகளின்மேல் தையல் நூலை வைத்துத் தூரம் அளந்து, கோடுகள் நெருங்கி வரும் இடங்களில் சிவப்புப் பேனாவால் கீறினேன். பட்டிப்பொலைக்கு மேலே இரண்டு சிவப்புத் துண்டுகள் வந்தன. அங்கே நடை வேகம், மற்ற ஏற்றத்தில் கொஞ்சம் கூட, மேலே புல்வெளியில் தட்டையாக அரை மணித்தியாலம். பன்னிரண்டு மணிக்கு இறக்கம் தொடங்கும் என்று எழுதி வைத்தேன்.

மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியொன்று எங்களையும் சைக்கிள்களையும் மலைக்குக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் விடியப் பட்டிப்பொலையில் தொடங்கினோம். முதல் சிவப்புத் துண்டு நான் கீறிய வளைவிலேயே வந்தது. அவர் மிதித்துப் பார்த்தார். அறுபது அடி தூரம் போய், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினார். இரண்டாவதில் கேட்காமலே இறங்கினார். தேசியப் பூங்கா வாசலில் நுழைவுச் சீட்டு எடுத்தபோது என் கணக்கைவிடப் பத்து நிமிடம் முந்தியிருந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் புல்வெளி வந்தது. கண் போன தூரத்துக்கு மஞ்சள் புல், இடையிடையே கறுத்த காடு. வரைபடத்தில் அங்கே கோடே இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் பாதை ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. ஒவ்வொரு ஏற்றமும் ஒரு தென்னை உயரம்தான், ஆனால் முடிவில்லை. போதாததற்கு முகத்தில் குளிர்காற்று. ஏழாவதோ எட்டாவதோ மேட்டில் நான் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே குந்திவிட்டேன்.

"இந்த மேடெல்லாம் படத்தில இல்லை" என்றேன். அழுகை வரும்போல இருந்தது.

அவர் படத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். "ஒரு கோட்டுக்கும் மற்றக் கோட்டுக்கும் எவ்வளவெண்டு சொன்னனீர்?"

"இருபது மீற்றர்."

"அப்ப பதினைஞ்சு மீற்றர் மேடு அதுக்குள்ள ஒளிஞ்சு நிக்கும்தானே. கோடு அதை எங்க காணப்போகுது?"

குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தை மடித்துத் தந்துவிட்டு, என் பின்பையிலிருந்த அடுப்பையும் பெரிய போர்வையையும் எடுத்துத் தன் சைக்கிளில் கட்டினார். "ரெண்டு செங்குத்தையும் நீர் சரியாச் சொன்னீர். இல்லாட்டி நான் அங்கயே முடிஞ்சிருப்பன்" என்றார்.

அதன்பிறகு நேரம் பார்க்கவில்லை. மிதிக்க முடிந்த மேட்டில் மிதித்தோம், முடியாததில் தள்ளினோம். காற்று அடங்கிய ஓரிடத்தில் மரைமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேய்ந்தன. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். இறக்கம் தொடங்கும் இடம் வந்தபோது இரண்டு மணி.

"இப்பவே இறங்கவேணுமோ?" என்று அவர் கேட்டார்.

எனக்கும் மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் புல்லில் இருந்தோம். பிறகு பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி ஒஹியாவுக்கு வந்து சேர்ந்தபோது விரல்கள் நிமிரவில்லை. கடையில் சோறு முடிந்திருந்தது. பாணும் பருப்பும் தந்தார்கள். இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.