அதிபரின் பிரியாவிடையில் நான் எழுந்து நின்றது

சொன்னால் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

சுவிஸில் பீல் நகருக்குப் பக்கத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையார் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடம். பதினெட்டு வருடமாக அதன் சமையலறைச் சக்கரவர்த்தி அடியேன்தான். இன்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் அம்மாவுக்குப் பிரியாவிடை.

மேடை இல்லை, மாலை இல்லை, மைக் இல்லை. ஐம்பதாயிரம் பேர் வட்டமாக உட்கார்ந்து மௌனமானார்கள்.

எங்கள் ஈழத்தமிழர் கூட்டங்களில் மௌனம் என்றால், இறந்தவர்களுக்காக எழுந்து நின்று செய்யும் அகவணக்கம். நான் விசுக்கென்று எழுந்து தலைகுனிந்து நின்றேன்.

என்னோடு சமைக்கும் ரஞ்சி பக்கத்திலிருந்து சேர்ட்டை இழுத்தாள். "அண்ணை, இருங்கோ! இங்க எழும்பினால் கதைக்கவேணும்!"

"இதை முதலே சொல்லக்கூடாதோ?"

அதற்குள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். ஆல்ப்ஸ் மலையே மூச்சை அடக்கிக்கொண்டது.

என் ஓட்டை ஜெர்மனில் சொன்னேன்: "ஒவ்வொரு புதன்கிழமையும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து என்னோடு கோப்பை துடைத்தீர்கள். பனி கொட்டினாலும் வந்தீர்கள். இனி யார் வருவார்கள்?"

உட்கார்ந்துவிட்டேன்.

அதிபர் அம்மாவின் கண்ணீரில் பீல் ஏரி ஒரு முழம் உயர்ந்தது.

முடிவில் எல்லோரும் கைகுலுக்கியபோது அவர் என் கையை விடவேயில்லை. காதோடு சொன்னார்: "நான் துடைத்த கோப்பைகளை, ஒவ்வொரு புதனும் நான் சமையலறையை விட்டுப் போன பிறகு நீங்கள் திரும்பத் துடைப்பீர்கள். பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும்."

சரி, ஒத்துக்கொள்கிறேன். வந்தவர்கள் அறுபது பேர்தான். ஏரியும் இருந்தபடியே இருக்கிறது.

ஆனால் அவர் துடைத்த கோப்பைகள் எல்லாம் ஈரம். அது மட்டும் உண்மை.