செங்கோடண்ணன் எடுத்துச் சென்ற இழைப்புளி

செங்கோடண்ணனின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது, மரம் இழைக்கும் அவருடைய இரும்பு இழைப்புளியைத்தான் நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். என் கை நின்றுவிட்டது. தேய்க்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை; இந்தப் பத்து நாட்களாக அது என் காதை விட்டுப் போகவே இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேந்தமங்கலத்துக்காரர். சூரமங்கலத்தில் ஒரு மரப்பட்டறையில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். என்னைவிட மூத்தவர் என்றாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பேச்சு குறைவு, அதில் பாதி கேலி. நான் மாட்டிய கதவு ஒருமுறை நிலையோடு இறுகிக்கொண்டது. "ஏனுங்க பாய், ரெண்டுக்கும் நிக்காஹ் முடிச்சுட்டீங்களா? பிரியவே மாட்டேங்குது" என்றார். பட்டறையே சிரித்தது. சிரித்துக்கொண்டே அவர்தான் அதைச் சரிசெய்தும் கொடுத்தார்.

அந்தப் பட்டறையின் இழைப்புளி ஒருநாள் கீழே விழுந்து அடிப்பாகம் கோணிவிட்டது. கண்ணாடி மேல் எமரி உப்புத்தாளை ஒட்டி, நான்தான் அதைத் தேய்த்து மட்டமாக்கினேன். பிடிக்க வசதியாக இருக்குமென்று பிளேடைக் கழற்றி வைத்துவிட்டேன். அங்கேதான் தவறினேன். பிளேடை மாட்டி இறுக்கும்போது அந்த இரும்பு லேசாக வளையும். வெறும் கூட்டைத் தேய்த்தால், இறுக்கிய பிறகு அடி மட்டமாக இருக்காது.

மறுநாள் அதைக் கொண்டு செங்கோடண்ணன் ஒரு சாப்பாட்டு மேசைக்குப் பலகைகளை இழைத்தார். சேர்த்துப் பார்த்தபோது முனைகளில் நூலளவு இடைவெளி. அவசர வேலை என்பதால் கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டினோம். ஒரே மாதத்தில் மேசை நடுவில் பிளந்து திரும்பி வந்தது.

"யார் இழைச்சது?" என்று முதலாளி கத்தினார்.

"எம்பட வேலைதானுங்க" என்றார் செங்கோடண்ணன்.

அதற்குள் நான் இழைப்புளியில் மட்டக்கோல் வைத்துப் பார்த்திருந்தேன். பிளேடு இருந்தால் நடு புடைக்கிறது, எடுத்தால் அடங்குகிறது. எனக்குத் தெரியும். என் மூத்த மகளுக்கு நிச்சயம் செய்திருந்த நேரம்; வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவரை அன்றே அனுப்பிவிட்டார்கள். "இந்தக் கோணலையும் நானே எடுத்துட்டுப் போறேனுங்க" என்று கேட்டு வாங்கி, இழைப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பிளந்த மேசையின் கதை எல்லாப் பட்டறைக்கும் பரவிவிட்டது. தேக்கை இழைத்த கை அதன்பின் வெயிலில் கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடித்தது.

ஆனாலும் ஒவ்வொரு ரம்ஜானுக்கும் என் வீட்டுக்கு வருவார். பிரியாணி சாப்பிடுவார், பேரப்பிள்ளைகளைச் சீண்டுவார். இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடப்பேன். பஸ் வந்துவிடும். கோழைத்தனத்துக்குப் பஸ்ஸைக் குறை சொல்லி என்ன பயன்?

போன மாதம் அந்த இழைப்புளியோடு வந்தார். "கையி நடுங்குதுங்க பாய். நீங்களே தேச்சு வைங்க, வந்து வாங்கிக்கிறேன்." அவர் வாங்க வரும்போது சொல்லிவிடுவதென்று உறுதியாக இருந்தேன்.

மண்ணில் வைத்துத் திரும்பிய பிறகு, அவர் மகள் என்னிடம் வந்தாள். "மாமா, அப்பா ஆசுபத்திரில இருந்தப்ப உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னாருங்க. நாந்தான் மறந்துட்டேன். 'பாய்கிட்டச் சொல்லு சாமி, இந்தத் தடவையாச்சும் பிளேடை மாட்டி இறுக்கிட்டுத் தேய்க்கட்டும்'னாரு. அப்படின்னா என்னங்க மாமா?"

 எல்லாம் தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடம் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

அம்மா, உன் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அந்த மேசையைப் பிளந்தது உன் அப்பா இல்லை, நான். செங்கோடண்ணா, போய் வாருங்கள்.