அடிக்கு ஐந்து மில்லி

மச்சான் வீட்டு மாடியில் ஒரு ரயில் ஓடுகிறது. விளையாட்டு ரயில்தான். மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா இறந்துபோன பிறகு தல்லாகுளத்து வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகள், கட்டிக்கொடுத்து பெங்களூரில் இருக்கிறாள். மருமகன் கம்பெனி வேலையாக வெளிநாடு போனபோது அந்த ரயிலை வாங்கி வந்தார். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று மகள் சொல்லி வாங்கியது.

பழைய கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே பிளைவுட் அடித்து, தண்டவாளம் பதித்திருந்தார். ஓர் இஞ்சின், நாலு பெட்டி. சுற்றிச் சுற்றி வரும். நான் போனால் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு மாடிக்குக் கூட்டிப் போவார். இரண்டு பேரும் உட்கார்ந்து அது ஓடுவதைப் பார்ப்போம். பேச்சு அதிகம் இருக்காது.

ஒருநாள், ஓரத்தில் ஒரு வீடு வேண்டும் என்றார். மேற்கே போகிற மீட்டர் கேஜ் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். அதில்தான் அவருக்கு முதல் வேலை. லைனை ஒட்டி, கொஞ்சம் பள்ளத்தில், ஓடு போட்ட குவார்ட்டர்ஸ். கல்யாணமான புதிதில் அக்காவும் அவரும் அங்கேதான் இருந்தார்கள். லைனை அகலப்படுத்தும்போது அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். போட்டோ எதுவும் இல்லை. அளவெல்லாம் அவர் வாயால் சொன்னார். முன்சுவர் ஏழு அடி. வாசல் நிலை ஐந்தரை அடி.

நான் கொத்தனார். ஆறாவதோடு படிப்பை விட்டவன். வீடு என்றால் என்னிடம்தான் கேட்பார்.

"எம்புட்டுச் சின்னதா வேணும் மச்சான்?"

"ரயிலுக்குத் தக்கன இருக்கணும் மாப்ள. அம்புட்டுத்தான்."

ரயிலுக்குத் தக்கன என்றால் எதை வைத்து அளப்பது? டேப்பை எடுத்தேன். பொம்மைத் தண்டவாளம் இரண்டுக்கும் நடுவில் பதினாறரை மில்லி. மச்சான் வேலை பார்த்தது மீட்டர் கேஜ். அதில் நடுவில் ஒரு மீட்டர், ஆயிரம் மில்லி. ஆயிரத்தைப் பதினாறரையால் வகுத்தால் அறுபது, கொஞ்சம் மிச்சம். அதாவது நிஜத்தில் அறுபது என்றால் பொம்மையில் ஒன்று. ஓர் அடிக்கு முந்நூற்று ஐந்து மில்லி. அதை அறுபதால் வகுத்தால் ஐந்து. அடிக்கு ஐந்து மில்லி.

கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்குப் பெருமை. சுத்தமாக வந்ததாலேயே சரி என்று நம்பிவிட்டேன்.

ஃபோம் ஷீட்டை அறுத்துச் சுவர் வைத்தேன். மேலே பட்டி பூசினேன். அட்டைப் பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே வரி வரியாக இருக்கும், அதற்குச் செங்காவி அடித்து ஓடாக்கினேன். நன்றாகத்தான் வந்தது. கொண்டுபோய் லைன் ஓரத்தில் வைத்தேன். மச்சான் ரயிலை அதன் எதிரே நிறுத்தினார். குனிந்து, பெட்டி ஜன்னலோடு கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஓடு தெரியலையே மாப்ள."

அக்கா ஓட்டின் மேல் வத்தல் காயப்போடுவாளாம். ரயிலில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியாக அது தெரியுமாம். சுண்டைக்காயா மிளகாயா என்பது வரைக்கும் தெரியுமாம். இன்றைக்கும் சுண்டைக்காய்க் குழம்பா என்று ரயில் கார்டு ஒருவர் போகிற போக்கில் கேலி பண்ணுவாராம். என் வீட்டில் ஜன்னலுக்கு நேரே சுவர் இருந்தது. ஓடு அதற்கு மேலே போய்விட்டது.

இன்னொன்றும் சொன்னார். பெட்டியில் நிமிர்ந்து ஏறுவாராம், வீட்டுக்குள் குனிந்துதான் போவாராம். இங்கே பார்த்தால் பெட்டி வாசலைவிட வீட்டு வாசல் உயரமாக இருக்கிறது.

நான் டேப்பை வைத்து ஒவ்வொன்றாக அளந்து காட்டினேன். அவர் சொன்ன அடிதான், அடிக்கு ஐந்து மில்லி, எதுவும் பிசகவில்லை என்றேன்.

"டேப்பு பொய் சொல்லுமா மச்சான். ஒங்களுக்குத்தான் மறந்துபோயிருக்கும்."

"மறந்திருக்குமோ," என்றார்.

அந்த வாசல் நிலையில் நானும் தலையை இடித்திருக்கிறேன். அக்காவைப் பார்க்கப் போனபோது நெற்றி வீங்கி, அவள் சிரித்துக்கொண்டே ஈரத்துணியை வைத்து அழுத்தினாள். மச்சான் சொல்லச் சொல்ல அது எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை. கணக்கு என்னுடையது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மற்றதை எல்லாம் என்னைக் கேட்க ஆரம்பித்தார். அந்த ஸ்டேஷனில் வேப்பமரம் இருந்ததா, புங்கமரமா. கிணறு எந்தப் பக்கம். முன்பெல்லாம் அவர் சொல்ல நான் கேட்பேன்.

கொஞ்ச நாளில் மகள் வந்தாள். வந்த அன்று அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்திருந்தது. சாவி கதவிலேயே தொங்கியது. அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மாமா, அப்பாவுக்கு மறதி வந்திருச்சா? நீங்க சொல்லுங்க."

எங்களில் தாய்மாமன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. காதுகுத்திலிருந்து கல்யாணம் வரை அவளுக்கு எல்லாவற்றிலும் என்னை முன்னால் நிறுத்தித்தான் செய்தார்கள். மச்சானுக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தெரிந்தும் சொன்னேன்.

"கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது தாயி."

சொன்னதோடு விடவில்லை. குவார்ட்டர்ஸ் கதையையும் சொன்னேன். தான் குடியிருந்த வீட்டு உயரமே அவருக்கு ஞாபகம் இல்லை என்றேன். பால் தீய்ந்ததைக்கூட அவள் பெரிதாக எடுத்திருக்க மாட்டாள். இதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்தாள். பொங்கல் கழித்து வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைக் கூட்டிப்போய்விடுவது என்று அங்கேயே முடிவு செய்தாள். அவளுடைய வீட்டில் கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட இடம் கிடையாது. மச்சான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது எனக்கு கே.கே. நகரில் வேலை. ஒரு கிளினிக்குக்கு மேல்மாடி எடுத்துக் கட்டினோம். இன்ஜினியர் தம்பி மணல் மேட்டில் பிளானை விரித்தார். பிளான் ஓரத்தில் 1:100 என்று போட்டிருந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற எண்தான். தாளில் ஒன்று, நிலத்தில் நூறு. அன்றைக்கு அதைப் பார்த்தபோது ரயில் வந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. காலிப் பெட்டியை மச்சான் எனக்குக் கொடுத்திருந்தார். ஃபோம் துண்டுகளை அதில்தான் போட்டு வைத்திருந்தேன். அதன் மூடியிலும் இந்த மாதிரி நடுவில் இரண்டு புள்ளி வைத்து ஓர் எண் உண்டு. அது சரக்கு நம்பர் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திருப்பினேன். 1:87.

மறுநாள் இன்ஜினியர் தம்பியிடம் மூடியைக் காட்டிக் கேட்டேன்.

"அது வெளிநாட்டு ரயிலுண்ணே. அவங்க லைன் நம்ம மீட்டர் கேஜ விட அகலம்ல."

அவ்வளவுதான் விஷயம். பதினாறரை மில்லி எங்கள் ஒரு மீட்டருக்கு அல்ல, அவர்களுடைய அகல லைனுக்கு. ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்திருக்கிறான். நான் வீட்டை அறுபதில் ஒரு பங்காகக் கட்டிவிட்டேன். அடிக்கு மூன்றரை மில்லி வைத்திருக்க வேண்டும். இதுவும் சுத்தமாகத்தான் வந்தது. ரயில் ஓர் அளவு, வீடு அதற்கு ஒன்றரை மடங்கு. ஜன்னலில் ஓடு எப்படித் தெரியும்?

உலகத்தில் எல்லா லைனும் மச்சான் லைன் மாதிரி இருக்கும் என்று நினைத்து வகுத்தது நான். ஞாபகமறதி என்று பேர் வாங்கியது அவர்.

சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்து வந்து வேறொரு வீடு செய்தேன். கை பிசகிக்கொண்டே இருந்தது. இத்தனை சின்ன நிலையை அறுக்க எனக்கு லேசில் வரவில்லை.

கொண்டுபோனபோது ரயில்மேல் துண்டு போர்த்தியிருந்தது. அவர் ஓட்டுவதில்லை போல. பெரிய வீட்டை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தேன். மச்சான் துண்டை எடுத்தார். பெட்டியை நேராக நிறுத்தினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"தெரியுது," என்றார்.

நிமிரவில்லை. அப்படியே குனிந்திருந்தார். நான் என் தப்பைச் சொன்னேன். மீட்டர் கேஜ், மூடியில் இருந்த எண், எல்லாம் சொன்னேன். அவர் அந்தச் சின்ன வாசலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ மண்டைய இடிச்சுக்கிட்டது இந்த நிலையிலதான?"

"ஆமா மச்சான்."

"அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். காப்பி போடக் கீழே போனார்.

அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு மறதி இல்லை, மாமா கணக்குத்தான் தப்பு என்றேன்.

"பால் தீஞ்சதும் ஒங்க கணக்குதானா மாமா?"

அது இல்லை என்றேன். யாருக்கும் தீயும் என்றேன். முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். கோபம்தான், ஆனாலும் தாய்மாமன் என்று அடக்கிக்கொண்டாள். கடைசியில், தினமும் ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அப்பா அங்கேயே இருக்கட்டும் என்றாள். சரி என்றேன்.

பொங்கல் போய்விட்டது. மச்சான் தன் வீட்டில்தான் இருக்கிறார். வேலை முடிந்ததும் நான் தல்லாகுளத்தில் இறங்கி அவரைப் பார்த்துவிட்டு, பிறகுதான் என் வீட்டுக்கு அலங்காநல்லூர் பஸ் ஏறுகிறேன். ரயில் ஓடுகிறது. சின்ன வீட்டு ஓட்டின் மேல் ரவையைப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்து ஒட்டியிருக்கிறார். சுண்டைக்காய். பெரிய வீட்டைத் தூக்கிப் போட அவர் விடவில்லை. கட்டிலின் அந்த மூலையில் தனியாக நிற்கிறது. போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

போன வாரம் ரயிலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த வீட்டுக்குள்ள நான் குனிஞ்சுதான மாப்ள போவேன்?"

"ஆமா மச்சான். குனிஞ்சுதான் போவீங்க."

"அளந்து பாத்தியா?"

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தெரியாமல்தான் கேட்டார்.